ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பது எது?

உங்கள் மிதிவண்டியின் முன்னால் சற்றுக் குனிந்து, ஹேண்டில்பார் வண்டியோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் கவையிலிருந்து மேலே வரும் குழாயின் தலையில், ஒரு குட்டையான கை முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஸ்டெம் என்று பெயர். அதன் முனையில் ஹேண்டில்பாரைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் ஒரு கவ்வி இருக்கும். புதிய வண்டிகளில் கவ்வியின் முன்பாதி தனித் தகடாக வரும். நான்கு சிறிய போல்ட்டுகள் அதை இறுக்கியிருக்கும். தாத்தா காலத்து வண்டி என்றால் அடியில் ஒரே ஒரு போல்ட்தான்.

இப்போது ஒரு கேள்வி. அந்த நான்கு போல்ட்டுகளில் எத்தனை ஹேண்டில்பாருக்குள் நுழைகின்றன?

ஒன்றுகூட இல்லை. போல்ட்டுகள் ஹேண்டில்பாருக்கு மேலேயும் கீழேயும் ஓடி, தகட்டை ஸ்டெம்மோடு சேர்த்து இழுக்கின்றன, அவ்வளவுதான். ஹேண்டில்பாரில் துளை இல்லை, ஆணி இல்லை, பற்றவைப்பு இல்லை, பசை இல்லை. வழவழப்பான ஓர் உருளை, வழவழப்பான ஒரு வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அது சுழலாமல் தடுப்பது உராய்வு மட்டுமே.

மிதிவண்டியின் பல பாகங்கள் இப்படி இல்லை. மிதிக்கட்டை மரை போட்டுத் திருகப்படுகிறது. மிதிக்கும் கை, அச்சின் சதுர முனையிலோ பல் வெட்டிய முனையிலோ மாட்டப்படுகிறது. அது வழுக்க வேண்டுமானால் உலோகமே சிதைய வேண்டும். ஹேண்டில்பாரை ஏன் உராய்வை நம்பி விட்டார்கள்? ஆளுக்கு ஆள் கை நீளம் வேறு, முதுகு வளையும் அளவு வேறு. ஹேண்டிலை மேலேயோ கீழேயோ சற்றே திருப்பி வைத்துக்கொள்ள வசதி வேண்டும். தவிர, ஹேண்டில்பாரின் நடுப்பகுதியில்தான் வளைக்கும் விசை மிக அதிகம். அங்கே ஒரு துளை போட்டால் குழாய் முறியும் இடத்தை நாமே குறித்துக் கொடுத்ததாகிவிடும். ஆகவே உராய்வு இங்கே சரியான தேர்வுதான். ஆனால் உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் ஹேண்டில்பார் உங்கள் கையிலேயே சுழலும்.

எப்போது சுழலும்? பெரும்பாலும் நீங்கள் அதன்மேல் அதிகமாகச் சாயும் நேரத்தில். பிரேசர் மலையிலிருந்து இறங்கும் ஒரு வளைவை நினைத்துப் பாருங்கள். பிரேக் பிடிக்கிறீர்கள். உடலின் எடை முன்னால் பாய்ந்து கைகளில் இறங்குகிறது. சாலையில் ஒரு குழி. ஹேண்டில்பார் முன்னோக்கி ஒரு விரற்கடை சுழல்கிறது. கைகள் கீழே போகின்றன, அவற்றோடு உடலும் முன்னால் சரிகிறது. பிரேக் பிடியும் சேர்ந்து கீழே திரும்பிவிடுவதால் விரல்கள் அதைச் சரியாக எட்டுவதில்லை. பிரேக் மிகவும் தேவைப்படும் அதே நொடியில் அது கைக்கு எட்டாமல் போகிறது. இந்தக் கோளாற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஊறுகாய் போத்தல் சொல்லும் இயற்பியல்

இதைப் புரிந்துகொள்ளச் சமையலறைக்குப் போவோம். இறுக மூடிய ஊறுகாய் போத்தலின் மூடியைத் திறக்கிறீர்கள். கை வழுக்குகிறது. என்ன செய்வீர்கள்? முதலில், இன்னும் பலமாக அழுத்திப் பிடிப்பீர்கள். அதுவும் போதாவிட்டால், கையில் உள்ள எண்ணெயைத் துடைத்துவிட்டு ஒரு ரப்பர் கையுறையைப் போட்டுக்கொள்வீர்கள். மூன்றாவதாக ஒன்றையும் கவனித்திருப்பீர்கள். ஒரே மாதிரி அழுத்திப் பிடித்தாலும், அகலமான மூடியைத் திருப்பும்போது கையின் பிடி நன்றாக வேலை செய்யும்; மருந்துக் குப்பியின் சின்ன மூடியில் விரல் வழுக்கும்.

ஹேண்டில்பார் கணக்கும் இந்த மூன்றுதான். எவ்வளவு பலமாக அழுத்துகிறோம். தொடும் பரப்புகள் எப்படிப்பட்டவை. மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோம். முதல் இரண்டையும் பெருக்கினால் உராய்வு விசை. அதை மூன்றாவதோடு பெருக்கினால், சுழற்சியைத் தடுக்கும் திருப்புத்திறன். இதன் அலகு நியூட்டன் மீட்டர்.

"அப்படியானால் கவ்வியை அகலமாகச் செய்தால் இன்னும் நன்றாகப் பிடிக்குமே?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். இயல்பான சந்தேகம்தான். 1699இல் பிரெஞ்சு அறிவியலாளர் கியோம் அமோன்தோன் பாரிஸ் அறிவியல் கழகத்தில் முன்வைத்த உராய்வு விதிகள் இதற்கு விடை சொல்கின்றன. உராய்வு, அழுத்தும் விசையைப் பொறுத்துக் கூடும். தொடும் பரப்பின் அளவைப் பொறுத்து அல்ல. அவருக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே லியனார்டோ டா வின்சி இதைத் தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். அவை அப்போது வெளியில் தெரியவில்லை.

இது ஏன் என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது. பளபளக்கும் உலோகப் பரப்பும் நுண்ணோக்கியில் மலைத்தொடர் போலத்தான் இருக்கும். இரண்டு பரப்புகள் சேரும்போது உச்சிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. அழுத்தம் கூடக் கூட உச்சிகள் நசுங்கி, உண்மையாகத் தொடும் பரப்பு பெருகுகிறது. கவ்வியை அகலமாக்கினால் உச்சிகளின் எண்ணிக்கை கூடும். ஆனால் ஒவ்வோர் உச்சியின் மீதும் விழும் பங்கு குறையும். கணக்கு நேராகிவிடும். அகலமான கவ்விக்கு வேறொரு பயன் உண்டு: அழுத்தத்தைப் பரவலாக்கி, ஹேண்டில்பார் நசுங்காமல் காக்கும்.

ஐந்து மில்லிமீட்டர் போல்ட்டின் பலம்

இனி எண்களைப் பார்ப்போம். ஸ்டெம்மின் முன்தகட்டில் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட்டுகள் இருக்கும். பக்கத்தில் 5 என்ற எண்ணோ, 4இலிருந்து 6 வரை வேறு ஓர் எண்ணோ பொறிக்கப்பட்டிருக்கும். அந்த போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டர் திருப்புத்திறனோடு இறுக்க வேண்டும் என்பதே அந்த எண்.

5 நியூட்டன் மீட்டர் என்றால் எவ்வளவு? 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆலன் சாவியைப் படுக்கையாக மாட்டி, அதன் நுனியில் 5 கிலோ அரிசிப் பை ஒன்றைத் தொங்கவிட்டால் கிடைக்கும் திருப்பம். அதிகமில்லை. ஒரு கையாலேயே கொடுத்துவிடலாம்.

ஆனால் அந்தச் சின்னத் திருப்பம் போல்ட்டை எவ்வளவு விசையோடு இழுக்கிறது தெரியுமா? பொறியாளர்கள் இதற்கு ஒரு தோராயச் சூத்திரம் வைத்திருக்கிறார்கள். திருப்புத்திறனை, போல்ட் விட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கால் வகுக்க வேண்டும். 5 மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு 1 மில்லிமீட்டர், அதாவது 0.001 மீட்டர். ஐந்தை அதனால் வகுத்தால் 5,000 நியூட்டன். நான்கு போல்ட்டுகளுக்கும் சேர்த்து 20,000 நியூட்டன். ஏறத்தாழ 2 டன் எடை! ஒரு மைவி கார் ஏறக்குறைய 1 டன் இருக்கும். இரண்டு மைவி கார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அந்தக் குட்டித் தகட்டின்மேல் வைத்தது போன்ற அழுத்தம்.

தகடு ஹேண்டில்பாரை ஒரு பக்கம் அழுத்த, ஸ்டெம்மின் மறுபாதி எதிர்ப்பக்கத்திலிருந்து அதே விசையோடு அழுத்துகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. ஆகவே உராய்வு இரண்டு பக்கங்களிலும் வேலை செய்கிறது. உராய்வுக் குணகத்தைச் சற்றுக் குறைவாகவே, 0.15 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 3,000 நியூட்டன், இரண்டுக்கும் 6,000. இன்று பரவலாக உள்ள ஹேண்டில்பாரின் நடுப்பகுதி 31.8 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது, ஆரம் 0.0159 மீட்டர். பெருக்கினால் 95 நியூட்டன் மீட்டர். நம் கவ்வி தாங்கும் எல்லை ஏறத்தாழ இதுதான்.

இதை எதிர்த்து நிற்பது உங்கள் கைகள். பந்தய வண்டிகளில் ஆட்டுக்கொம்பு போல் வளைந்த ஹேண்டில் இருக்கும் அல்லவா? அதன் பிரேக் பிடிமேல் கை வைத்தால், கை கவ்வியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். இரண்டு கைகளிலும் சேர்த்து 300 நியூட்டன், அதாவது 30 கிலோ எடை இறங்கினால், 45 நியூட்டன் மீட்டர். கவலை இல்லை, எல்லையில் பாதிகூட ஆகவில்லை. அதே கைகளில் பிரேக்கும் குழியும் சேர்ந்து ஒரு கணம் 700 நியூட்டனை இறக்கினால்? 105. எல்லை தாண்டிவிட்டது.

போல்ட்டுகளைப் பாதி அளவே இறுக்கியிருந்தால் கவ்வியின் எல்லையும் பாதியாகி 48க்கு வந்துவிடும். அப்போது குழி வேண்டியதில்லை, சாதாரணமாகச் சாய்ந்து ஓட்டினாலே அது விளிம்பில்தான் நிற்கும். உண்மையான கவ்வியில் அழுத்தம் வளைவு முழுவதும் பரவியிருப்பதால் எண்கள் சற்று மாறும். ஆனாலும் நிலைமை எவ்வளவு நெருக்கமானது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

உங்கள் பள்ளி வண்டியின் நேர் ஹேண்டில் ஏன் அவ்வளவாக வழுக்குவதில்லை என்பதும் இப்போது புரியும். அதில் கைப்பிடிகள் கவ்வியின் மையத்திலிருந்து நாலைந்து சென்டிமீட்டர்தான் விலகியிருக்கும். 700 நியூட்டன் விழுந்தாலும் 30 நியூட்டன் மீட்டரைச் சுற்றித்தான் வரும். போல்ட் சற்றுத் தளர்ந்திருந்தாலும் தெரியாது. அதனால்தான் நேர் ஹேண்டில் ஓட்டிப் பழகியவர்கள், முதன்முறை பந்தய வண்டிக்கு மாறும்போது, "இதுவரை இப்படி இறுக்கித்தானே ஓட்டினேன், இது மட்டும் ஏன் சுழல்கிறது?" என்று குழம்புகிறார்கள்.

பிஎம்எக்ஸ் வண்டி இன்னும் கடினமான வழக்கு. அதன் ஹேண்டில் கவ்விக்கு மேல் 20 சென்டிமீட்டருக்கும் அதிகமாக உயர்ந்து நிற்கும். நடுக்குழாயின் விட்டமோ 22.2 மில்லிமீட்டர்தான். நெம்புகோல் நீளம், பிடிக்கும் ஆரம் சிறியது. குதித்துத் தரையிறங்கும்போது இரண்டும் சேர்ந்து எதிராக வேலை செய்யும். அதற்காகவே அந்த வண்டிகளின் ஸ்டெம்மில் தடித்த போல்ட்டுகள் இருக்கும். ஹேண்டில்பாரின் நடுப்பகுதியில் அரம்போலச் சொரசொரப்பாக வரிகள் கொத்தியிருப்பார்கள். அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். பரப்பு வழுக்காமல் கடித்துப் பிடிப்பதற்கான ஏற்பாடு அது.

எங்கே கிரீஸ், எங்கே கூடாது

வழுக்கும் ஹேண்டில்பாரைச் சரிசெய்யப் பலர் முதலில் செய்வது, ஆலன் சாவியை எடுத்து இன்னும் ஒரு சுற்று இறுக்குவது. அதுதான் கடைசியாகச் செய்ய வேண்டியது. முதலில் கழற்றுங்கள்.

தகட்டைக் கழற்றியதும் உள்ளே பாருங்கள். கிரீஸ், எண்ணெய், வியர்வையோடு குழைந்த தூசி எது இருந்தாலும் உராய்வுக் குணகம் குறைந்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்து, ஹேண்டில்பாரின் நடுப்பகுதியையும் கவ்வியின் உட்புறத்தையும் துடையுங்கள். துணியில் கறுப்பு வராத வரை துடைக்க வேண்டும். அந்த ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள். கண்ணாடி துடைக்கும் சில திரவங்களும் துரு நீக்கும் தெளிப்பான்களும் மெல்லிய படலத்தை விட்டுச் செல்லும். அவை இங்கே வேண்டாம்.

துடைத்த பிறகு ஹேண்டில்பாரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வட்டமாகச் சுற்றிப் போகும் கீறல்கள் இருந்தால் அது ஏற்கெனவே சுழன்றிருக்கிறது என்று பொருள். மேலோட்டமான உராய்ப்பு பரவாயில்லை. நகம் மாட்டும் அளவு ஆழமான கீறலோ, மயிரிழைபோன்ற விரிசலோ இருந்தால் அந்த ஹேண்டில்பாரின் ஆயுள் முடிந்தது.

இப்போது விசித்திரமான ஒரு விஷயம். ஹேண்டில்பாரில் ஒரு துளி கிரீஸ்கூட இருக்கக் கூடாது என்றேன். ஆனால் பெரும்பாலான ஸ்டெம்களில், அதைப் பிடிக்கும் போல்ட்டுகளின் மரையிலும் தலையின் அடிப்பகுதியிலும் கிரீஸ் இருக்க வேண்டும்!

காரணம் இதுதான். போல்ட்டைத் திருப்ப நீங்கள் கொடுக்கும் முயற்சியில் ஏறக்குறைய பாதி, போல்ட்டின் தலைக்கு அடியில் நடக்கும் உராய்வில் போய்விடுகிறது. இன்னொரு 40 விழுக்காடு மரைகளுக்கிடையே நடக்கும் உராய்வில் போகிறது. மிஞ்சும் 10 விழுக்காடு மட்டுமே போல்ட்டை இழுத்து நீட்டி, தகட்டை அழுத்துகிறது. போல்ட் துருப்பிடித்து வறண்டிருந்தால் அந்த 10 விழுக்காடும் சுருங்கிவிடும். டார்க் ரெஞ்ச் 5 என்று சொல்லும், கையும் இறுகிவிட்டது என்று சொல்லும். ஆனால் தகடு அழுத்துவதோ பாதி விசையில்தான். நம் நாட்டின் ஈரக் காற்றில், அதிலும் கடலோர ஊர்களில், இது அடிக்கடி நடக்கும். நெற்றியிலிருந்து சொட்டும் வியர்வை நேராக விழும் இடமும் இந்த போல்ட்டுகள்தான். சில தயாரிப்பாளர்கள் போல்ட்டில் முன்கூட்டியே பூச்சுத் தடவி அனுப்புவார்கள். அப்படியானால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.

திரும்ப மாட்டும்போது நான்கு போல்ட்டுகளையும் விரலால் போகும் அளவுக்குத் திருகுங்கள். பிறகு ஆலன் சாவியால் பெருக்கல் குறி போடுவதுபோல் குறுக்காகப் போங்கள்: மேல் இடது, கீழ் வலது, மேல் வலது, கீழ் இடது. ஒவ்வொரு முறையும் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். கார்ச் சக்கரத்தை மாற்றும் மெக்கானிக் இப்படித்தான் செய்வார், கவனித்திருப்பீர்கள். ஒரு பக்கத்தை முதலில் முழுதாக இறுக்கினால் தகடு சாய்ந்து உட்காரும்; சில போல்ட்டுகள் அதிகமாகவும் சில குறைவாகவும் சுமக்கும். முடிவில், தகட்டுக்கும் ஸ்டெம்முக்கும் நடுவே மேலேயும் கீழேயும் உள்ள இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். சில ஸ்டெம்களில் மட்டும் மேல் இடைவெளியை முழுக்க மூடச் சொல்வார்கள். அது கையேட்டில் இருக்கும்.

அந்த இடைவெளியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எவ்வளவு இறுக்கினாலும் ஹேண்டில்பார் சுழல்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களின் வண்டியில் நான் முதலில் பார்க்கச் சொல்வது அதைத்தான். பழைய ஹேண்டில்பார்களில் 25.4 மில்லிமீட்டர், 26.0 மில்லிமீட்டர் என இரண்டு அளவுகள் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 26.0க்கான ஸ்டெம்மில் 25.4 ஹேண்டில்பாரைப் போட்டால் என்ன ஆகும்? போல்ட்டை இறுக்க இறுக்க இடைவெளி சுருங்கி, கடைசியில் தகட்டின் விளிம்பு ஸ்டெம்மை முட்டிவிடும். அதற்கு மேல் நீங்கள் கொடுக்கும் விசையெல்லாம் உலோகத்தை உலோகத்தோடு முட்ட வைக்கவே செலவாகும். ஹேண்டில்பாருக்கு எதுவும் போய்ச் சேராது. போல்ட் கல்போல் இறுகியிருக்கும், ஹேண்டில்பார் மட்டும் சுழலும். வித்தியாசம் 0.6 மில்லிமீட்டர்தான். அறிவியல் கூடத்தில் பழகிய வெர்னியர் கேலிப்பருக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

குளிர்பானத் தகரத்தை வெட்டி இடைவெளியில் செருகும் பழக்கம் உலகெங்கும் உண்டு. அலுமினிய ஹேண்டில்பாராக இருந்து, வழியில் மாட்டிக்கொண்டால், வீடு வந்து சேர அது உதவலாம். ஆனால் அந்தத் தகரம் 0.1 மில்லிமீட்டர் அளவே தடித்தது. மேலே சொன்ன வேறுபாட்டை நிரப்பச் சுற்றிலும் 0.3 மில்லிமீட்டர் வேண்டும். மூன்று மடிப்பாக வைத்தால் மடிப்புகளே ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அளவுக்கென்றே செய்த இடைவளையங்கள் கடைகளில் கிடைக்கின்றன. மணல்தாளைச் செருகச் சொல்பவர்களும் உண்டு. அதன் கற்கள் ஹேண்டில்பாரில் கீறல் போடும். ஒவ்வொரு கீறலும் விரிசல் தொடங்க ஓர் இடம். இது வேண்டவே வேண்டாம்.

கார்பன் இழை ஹேண்டில்பாருக்குத் தனி முறை. கார்பன் இழைகள் நீளவாக்கில் இழுத்தால் எஃகைப்போல் தாங்கும், ஆனால் பக்கவாட்டில் நசுக்கினால் அடுக்கடுக்காகப் பிரியும். அதனால் அழுத்தும் விசையைக் கூட்ட முடியாது. மிஞ்சியிருப்பது உராய்வுக் குணகம்தான். நுண்ணிய துகள்கள் கலந்த ஒரு பசையைப் பூசுகிறார்கள். துகள்கள் இரு பரப்புகளுக்கும் நடுவே சிக்கிக்கொண்டு சுழலவிடாமல் தடுக்கின்றன. குறைந்த இறுக்கத்திலேயே நிறைந்த பிடி. அலுமினியத்திலும் இதைப் பயன்படுத்தலாம்.

வழுக்குவதும் முறிவதும்

டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பழக்கத்திலேயே இறுக்கினால் என்ன? பழுத்த மெக்கானிக்குகள் அப்படிச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கைக்கு ஆயிரம் போல்ட்டுகளின் ஞாபகம் இருக்கிறது. நமக்கு இல்லை. நீளமான சாவியில் 10 அல்லது 12 நியூட்டன் மீட்டர் கொடுப்பது எந்த மாணவருக்கும் எளிது. அப்போது போல்ட் தன் மீள்தன்மை எல்லையைத் தாண்டி நிரந்தரமாக நீண்டுவிடலாம், அல்லது ஸ்டெம்மின் அலுமினிய மரை உரிந்து வரலாம், தகட்டின் மூலையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம்.

வழுக்கும் ஹேண்டில்பார் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லும்: கிறீச்சென்று ஒரு சத்தம், சற்றே கோணம் மாறிய பிரேக் பிடி. முறியும் பாகம் சொல்லாது. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளுக்கான தடகள மிதிவண்டிப் போட்டி இஸு அரங்கில் நடந்தபோது, ஆஸ்திரேலிய ஆண்கள் அணியின் அலெக்ஸ் போர்ட்டருக்கு நடந்ததைப் பலர் நேரலையில் பார்த்தார்கள். குழு விரட்டுப் போட்டியின் தகுதிச் சுற்றில் அவரது ஹேண்டில்பார் முழு வேகத்தில் வண்டியிலிருந்து முறிந்து கையோடு வந்துவிட்டது. அவர் முகம் குப்புற விழுந்து தளத்தில் தேய்ந்து போனார். நல்லவேளையாகப் பெரிய ஆபத்தில்லை. அன்றே அணி மீண்டும் ஓடியது. அது போல்ட்டை அதிகம் இறுக்கியதால் வந்த விபத்து என்று நான் சொல்லவில்லை. முன்னறிவிப்பின்றி ஹேண்டில் போனால் உலகத்தரமான வீரருக்கும் சுதாரிக்க நேரம் இருக்காது என்பதற்காகச் சொல்கிறேன். ஸ்டெம்மில் பொறித்துள்ள எண்ணைக் கீழெல்லையாக நினைக்காதீர்கள். பெரும்பாலும் அதுவே மேலெல்லை.

இறுக்கி முடித்ததும் ஒரு சோதனை. வண்டிக்கு முன்னால் நின்று, முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிகளின் மேல் இரு உள்ளங்கைகளையும் வைத்து, உடல் எடையைச் சிறிது சிறிதாக இறக்குங்கள். அசையக் கூடாது. அசைந்தால் ஓட்ட வேண்டாம்; அப்பாவிடமோ அண்ணனிடமோ காட்டுங்கள், அல்லது கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.

அசையவில்லையென்றால், ஹேண்டில்பாரிலிருந்து ஸ்டெம்வரை நீளும்படி மார்க்கர் பேனாவால் மெல்லிய ஒரு கோடு போட்டு வையுங்கள். இந்தக் கோடு எதற்கு? போல்ட் என்பது உண்மையில் மிக விறைப்பான ஒரு சுருள்வில். 5,000 நியூட்டனில் இழுக்கும்போது அது நீளும் அளவு தலைமுடியின் தடிமனில் பாதிகூட இருக்காது. அந்தக் குட்டி நீட்சிதான் தகட்டை அழுத்திக்கொண்டிருக்கிறது. ஓட்டத் தொடங்கியபின் அதிர்வில் பரப்புகளின் உச்சிகள் மேலும் நசுங்கி, வண்ணப்பூச்சும் கொஞ்சம் அமுங்கும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அமுங்கினாலே அந்த நீட்சியில் கணிசமான பகுதி காணாமல் போய்விடும். போல்ட் திரும்பவே இல்லை, ஆனால் பிடி தளர்ந்துவிட்டது! ஆகவே முதல் இரண்டு மூன்று ஓட்டங்களுக்குப் பிறகு டார்க் ரெஞ்சை மறுபடியும் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு போல்ட்டும் இன்னும் சற்றே திரும்பும். பிறகு மாதம் ஒருமுறை அந்தக் கோட்டைப் பார்த்தால் போதும். கோடு இரண்டாக உடைந்து, ஹேண்டில்பாரில் உள்ள பாதி ஒரு பக்கமாக விலகி நின்றால், மறுபடியும் துணியையும் ஆல்கஹாலையும் எடுக்க வேண்டிய நாள் அது.